புங்க இலைப் பருவும் வரப்பில் நின்று எழுதிய ரிப்போர்ட்டும்

போன வாரம் உங்களில் ஒருவர் என் போனுக்கு ஒரு படம் அனுப்பியிருந்தீர்கள். யார் என்று சொல்லி மானத்தை வாங்க மாட்டேன். படத்தில் ஒரு புங்க இலை. இலை முழுக்கக் குட்டிக் குட்டி விரல் மாதிரி பச்சைப் பருக்கள். கீழே ஒரு வரி: "சார், இந்த நோய்த் தழையை வயலில் உரமாகப் போட்டு மிதித்திருக்கிறார்கள். பயிர் போய்விட்டது. விவசாயியின் கவனக்குறைவு என்று எழுதிவிடலாமா?"

படத்தைப் பெரிசாக்கிப் பார்த்தேன். இலைக்குப் பின்னால் ஜீப்பின் கதவு. கதவுக்குப் பின்னால் தார் ரோடு. வயல் எங்கேயும் இல்லை.

பிரஷருக்கு மாத்திரை சாப்பிடுகிற ஆள் நான். அன்றைக்கு வீட்டில் என்னைப் பேசவிடாமல் உட்கார வைத்துவிட்டார்கள். பேச வேண்டியதை இப்போது எழுதுகிறேன். வேளாண்மைத் துறைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிகளும் தங்கச்சிகளும் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். என் கோபத்தில் பாதிதான் உங்களுக்கு. மீதி எனக்கே சேர வேண்டியது. ஏனென்றால் அதே புங்க இலையை, அதே மாதிரி ரோட்டோரத்தில் நின்று கையில் வாங்கிப் பார்த்து, "கவனக்குறைவு" என்ற அதே வார்த்தையை நானும் எழுதியிருக்கிறேன். அந்த வார்த்தையால் ஒரு பெண்ணின் நிலம் கைவிட்டுப் போக இருந்தது.

நான் காலேஜ் படித்தவன் இல்லை. எஸ்.எஸ்.எல்.சி.யோடு ஒரத்தநாட்டுப் பக்கம் ஃபீல்டுமேன் வேலையில் சேர்ந்தவன். பூச்சியைப் பற்றி எனக்குத் தெரிந்ததில் பாதி, சேற்றில் நின்றபடி ஜனங்கள் சொன்னது. மீதி, பழைய பேப்பர் கடையில் அட்டை கிழிந்த இங்கிலீஷ் பத்திரிகைகளைப் பொறுக்கி எடுத்து, பக்கத்தில் அகராதியை வைத்துக்கொண்டு எழுத்துக்கூட்டிப் படித்தது. கொஞ்சம் படித்துவிட்டு நிறையத் தெரிந்த மாதிரி பேசுகிற வியாதி அந்த வயதில் எனக்கு நன்றாகவே இருந்தது.

காலத்தையும் சொல்லிவிடுகிறேன். ஆட்சி மாறிச் சில வருஷம் ஆகியிருந்தது. நில உச்சவரம்பைக் குறைக்கிறோம் என்றார்கள். குத்தகைக்கு உழுகிறவர்கள் தங்கள் பெயரைப் பதிவேட்டில் ஏற்றிக்கொள்ளலாம் என்று சட்டம் வந்தது. தெற்குத் தெருவில் சிவப்புக் கொடி, வடக்குத் தெருவில் கரை வேட்டி, மிராசுதார் வீட்டில் இரண்டு பக்கத்துத் தலைவர்களுக்கும் காபி. பெயர் பதிந்த குத்தகைக்காரரை நினைத்த மாத்திரத்தில் எழுப்பிவிட முடியாது என்று சட்டம் சொன்னது. சொல்லிவிட்டு ஒரு குறுக்குச் சந்தும் விட்டுவைத்தது. குத்தகைக்காரர் கவனக்குறைவால் நிலத்தையோ பயிரையோ கெடுத்தார் என்று நிரூபித்தால் வெளியேற்றலாம். அந்தச் சந்து வழியாக எத்தனை குடும்பத்தை வெளியே தள்ளப் பார்த்தார்கள் என்று கண்ணால் பார்த்தவன் நான்.

நான் சொன்ன அந்தப் பெண் குஞ்சம்மா. அவருக்கு அப்போது முப்பத்தைந்து வயது இருக்கும். புருஷன் இறந்த பிறகு மிராசுதார் நிலத்தின் குத்தகை அவர் கைக்கு வந்தது. மூன்று வயல். மேல வயல், நடு வயல், கீழ வயல் என்று அவர்களே வைத்த பெயர். சொந்த வேலை முடிந்தால் மிராசுதாரின் பண்ணை வயலுக்குக் கூலிக்கும் போவார். ஆனி மாதம் தாலுகா ஆபீசுக்கு நடந்து போய்த் தன் பெயரைப் பதிந்துவிட்டு வந்தார். அந்த ஊரில் அப்படிப் பதிந்த முதல் பெண் அவர்தான்.

கார்த்திகையில் மிராசுதாரின் காரியக்காரர் எங்கள் ஆபீசுக்கு வந்தார். நிலபுலனைப் பார்த்துக்கொள்கிற ஆள். வெற்றிலைச் செல்லம், அந்தப் பித்தளைப் பெட்டி, கையில் இல்லாமல் அவரை நான் பார்த்ததில்லை. ஆபீசரோடு உள்ளே கால் மணி நேரம் பேசினார். ஆபீசர் என்னைக் கூப்பிட்டு, "இவரோட போயி ஒரு வயல் பார்த்துட்டு வந்துருய்யா. குத்தகைக்காரங்க ஏதோ கெட்ட தழையப் போட்டுப் பயிரை அழிச்சிட்டாங்களாம்" என்றார். வயலைப் பார்ப்பதற்கு முன்னாலேயே என்ன பார்க்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள். அது எனக்கு உறைக்கவில்லை.

காரியக்காரரின் மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து போனேன். வாய்க்கால் கரையில் இறங்கியதும் அவர் ஒரு புங்கங் கிளையை ஒடித்து என் கையில் கொடுத்தார்.

"பாருங்க தம்பி, இலை பூரா கட்டி. இந்தக் கட்டித் தழைய வயல்ல போட்டு மிதிச்சா பயிர் என்னாகும்? அங்க பாருங்க."

ரோட்டை ஒட்டி இருந்தது நடு வயல். தூருக்குத் தூர் வெங்காயத் தாள் மாதிரி வெளுத்த குழல்கள் நீட்டிக்கொண்டிருந்தன. கதிர் வர வேண்டிய குருத்து குழலாகிப்போனால் அந்தத் தூரில் ஒரு நெல்லும் கிடையாது.

வயலின் நடுவிலிருந்து குஞ்சம்மா முழங்கால் சேற்றோடு ஓடி வந்தார்.

"சார், செருப்பக் கழட்டிட்டு உள்ள வாங்க சார். கீழ வயலையும் பாருங்க, மேல வயலையும் பாருங்க. நான் சொல்றேன்."

"ஏ புள்ள, சாரு படிச்சவரு. நீ சொல்லித்தான் அவருக்குத் தெரியணுமா?" என்றார் காரியக்காரர்.

அவர் சொன்ன அந்த "படிச்சவரு" என் காதில் தேனாகப் பாய்ந்தது. தீபாவளிக்கு வாங்கிய புதுச் செருப்பு காலில் இருந்தது. மழை தூறிக்கொண்டிருந்தது. நான் குஞ்சம்மாவைப் பார்த்துச் சொன்னேன்: "இங்கேருந்தே தெரியுதும்மா."

இலையில் வீக்கம், பயிரிலும் வீக்கம். இரண்டையும் சேர்த்து ஒரு முடிச்சுப் போட்டேன். வரப்பில் நின்றபடியே, காரியக்காரரின் செல்லத்தின் மேல் காகிதத்தை வைத்து, மூன்று வரி எழுதிக் கையெழுத்துப் போட்டேன். நோய் கண்ட புங்கந் தழையை இட்டதால் பயிர் பாதிப்பு. பாதிப்பு கடுமை. காரணம் சாகுபடியாளரின் கவனக்குறைவு.

மூன்றே வரி. ஒரு ஆளை நிலத்திலிருந்து இறக்க அது போதும்.

மார்கழி பிறந்தபோது குஞ்சம்மா எங்கள் ஆபீசுக்கு வந்தார். கையில் கோர்ட்டு நோட்டீசு, அதனோடு ஊசி குத்திய என் ரிப்போர்ட்டின் நகல். என் மேஜைக்கு நேராக வந்து நின்றார்.

"எனக்குப் படிக்க வராது சார். இதுல என்ன எழுதியிருக்கு, படிச்சுக் காட்டுங்க."

படித்தேன். நான் எழுதியதை நானே, எழுதப்பட்டவருக்கு முன்னால், சத்தமாகப் படித்தேன். தம்பிகளா, உங்கள் ரிப்போர்ட் ஒவ்வொன்றையும் அதில் பெயர் வருகிற ஆளின் முகத்துக்கு நேரே படித்துக் காட்ட வேண்டும் என்று சர்க்கார் ஒரு உத்தரவு போடட்டும். முக்கால்வாசிப் பேர் பேனாவைக் கீழே வைத்துவிடுவோம்.

அவர் அழவில்லை, கத்தவும் இல்லை. முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு ஒரு கேள்வி கேட்டார்.

"அதே மரத்துத் தழையத்தான் சார் பண்ணை வயல்லயும் போட்டோம். வெட்டுனவளும் நான்தான், மிதிச்சவளும் நான்தான். பண்ணைப் பயிரு மட்டும் ஏன் சார் ஜம்முனு நிக்குது?"

ஆபீசில் டைப் அடித்துக்கொண்டிருந்தவரும் நிறுத்திவிட்டார்.

"நாளைக்கு வந்து பாக்குறேன்மா" என்றேன்.

"அன்னைக்கே வந்தீங்களே" என்றார். போய்விட்டார்.

நேரே ஆபீசரிடம் போனேன். ரிப்போர்ட் தப்பு என்று தோன்றுகிறது, திரும்பப் பார்க்க வேண்டும் என்றேன். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"போன காகிதம் போனதுதான்யா. இன்னிக்கு ஒண்ணு நாளைக்கு ஒண்ணுன்னு எழுதினா நம்ம ஆபீசை எவன் மதிப்பான்? கோர்ட்டுல கூப்பிட்டா 'ரிப்போர்ட்டில் உள்ளபடி'ன்னு சொல்லிட்டு இறங்கி வந்துரு. அவ்ளோதான் உன் வேலை."

ஆபீசின் மதிப்பாம்! அந்தப் பெண்ணின் மூன்று வயலைத் தின்று வளர்கிற மதிப்பு என்ன மதிப்பு? அன்றைக்கு அதை வாய்விட்டுச் சொல்லும் தைரியம் எனக்கு இருக்கவில்லை. இன்றைக்கு எழுதிவிட்டேன்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. சைக்கிளை எடுத்துக்கொண்டு போனேன். செருப்பை வாய்க்கால் கரையிலேயே விட்டுவிட்டேன்.

முதலில் புங்க மரங்கள். கரையில் ஐந்து மரம். ஒவ்வொன்றாகப் பார்த்தேன். இரண்டு மரத்தில்தான் பரு. மூன்று மரம் சுத்தம். பரு இருந்த மரத்திலும் உச்சிக் கிளையில் கிட்டத்தட்ட ஒன்றும் இல்லை. கைக்கு எட்டுகிற தாழ்ந்த கிளைகளில், அதுவும் வெட்டிய பிறகு புதிதாகத் துளிர்த்த கொத்துகளில்தான் இலைக்கு இலை அப்பிக் கிடந்தது. முற்றிய இலையில் புதுப் பரு ஒன்றுகூட இல்லை. ஒரு பருவைப் பிளேடால் கீறி, ஆபீஸ் பூதக்கண்ணாடியில் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து வெகுநேரம் பார்த்தேன். தூசியைவிடச் சின்னதாக, வெளிர் நிறத்தில், புழு மாதிரி ஏதோ அசைந்தது. சிலந்திப்பேன். பேராவூரணித் தென்னையில் காயெல்லாம் சொறி பிடித்துப் போனபோது நீங்கள் மருந்தும் கையுமாக ஓடினீர்களே, அதன் பங்காளிதான் இது.

அந்த நிமிஷம்தான் பழைய பத்திரிகை ஒன்று ஞாபகத்துக்கு வந்து என் மண்டையில் அடித்தது. பனி கொட்டுகிற தேசங்களில் வில்லோ என்று ஒரு புதர். அதன் இலையிலும் இதே மாதிரி சிலந்திப்பேன் பரு கட்டும். ஒரு புதர் முழுக்கப் பரு, அதைத் தொட்டுக்கொண்டு நிற்கிற புதர் சுத்தம். எந்தப் புதர், எந்தக் கிளை, இளசா முற்றலா என்று பிரித்துப் பிரித்து எண்ணுவார்கள். எங்கே இருக்கிறது என்று எண்ணினாலே ஏன் இருக்கிறது என்று பாதி விளங்கிவிடும். இந்தப் பேனுக்குக் கண் கிடையாது, இறக்கை கிடையாது. காற்று கொண்டுபோய்ப் போட்ட இடத்தில் தன் ஜாதி மரத்தின் குருத்து கிடைத்தால் பிழைக்கும், இல்லாவிட்டால் சாகும். வில்லோப் பேன் வில்லோவோடு சரி, புங்கம் பேன் புங்கத்தோடு சரி.

இதையெல்லாம் நான் படித்திருந்தேன்! அகராதி வைத்துப் படித்து, டீக்கடையில் நாலு பேரிடம் பெருமையடித்தும் இருந்தேன். வரப்பில் ஒருவர் "படிச்சவரு" என்றதும் படித்ததெல்லாம் மறந்துபோயிற்று.

குஞ்சம்மா அக்கரையில் புல் அறுத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் நேரே வந்துவிடவில்லை. ஒரு கட்டுப் புல்லை முடித்துத் தூக்கி வைத்துவிட்டுத்தான் வந்தார்.

"எந்த மரத்துல வெட்டுவீங்க?" என்று கேட்டேன்.

"பரு புங்குலதான். அதுதான் கைக்கு எட்டும். வருசா வருசம் வெட்டுறோம், வருசா வருசம் துளுக்குது. எங்க ஆத்தா காலத்துலேருந்து அதுல பருதான். எங்க கால்ல பட்டுப்பட்டு எங்களுக்கே பரு வரலியே சார், நெல்லுக்கா வரப்போவுது?"

சிரிக்க வேண்டும் போல் இருந்தது. சிரிக்கும் தகுதி எனக்கில்லை என்று அடக்கிக்கொண்டேன்.

பிறகு வயல். நடு வயலில் இறங்கி ஒரு குழலைக் கிழித்தேன். நுனியில் ஒரு ஓட்டை, ஓட்டையில் கூட்டுப்புழுவின் வெள்ளைச் சட்டை செருகிக்கொண்டிருந்தது. பேன் இப்படிச் சட்டை உரித்துப்போட்டு ஓட்டை வழியாகப் பறந்து போகாது. இது ஆனைக்கொம்பன் ஈ. கொசு மாதிரி இருக்கும். புழு குருத்துக்குள் போய் உட்கார்ந்ததும் தூர் குழலாகிவிடும். புங்க இலைப் பருவுக்கும் இதற்கும் ஒரு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

அது மட்டும் போதாது என்று எனக்குத் தெரிந்தது. "வேற பூச்சி" என்று நான் சொன்னால், "சரி, அதுவும் அவள் கவனக்குறைவுதான்" என்பார்கள். எங்கே இருக்கிறது, எங்கே இல்லை என்று பார்க்க வேண்டும். குத்து என்பது ஓரிடத்தில் சேர்த்து நட்ட நாற்றுக் கொத்து. வரப்போர மூன்று குத்தோடு நிற்காமல், உள்ளே குறுக்கும் நெடுக்கும் நடந்து, வயலுக்கு இத்தனை குத்து என்று எண்ணினேன்.

மேல வயலில் பரு புங்குத் தழை மிதித்திருந்தார்கள். குழல் தேடித்தான் பிடிக்க வேண்டியிருந்தது. நடு வயலிலும் அதே தழை, குத்துக்குப் பாதி குழல். கீழ வயலில்தான் விஷயம் இருந்தது. அதற்குத் தழையே போடவில்லை.

"தழை தீந்துபோச்சு சார். சாணிக் குப்பைதான் போட்டேன்" என்றார் குஞ்சம்மா.

அங்கேயும் குத்துக்குப் பாதி குழல்.

அன்றைக்கு அவர் "கீழ வயலையும் பாருங்க" என்று ஓடி வந்தது இதற்குத்தான். பத்தடி நடந்திருந்தால் போதும்.

"நட்டது எப்ப?" என்று கேட்டேன்.

"மேல வயலு புரட்டாசியில, பண்ணையோட சேத்து நட்டோம். மத்த ரெண்டும் ஐப்பசி கடைசி. நாத்து முத்திப்போச்சு."

"ஏன் அவ்ளோ தாமதம்?"

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். "மேல வயலுக்குப் பொது மதகு. யாரும் அடைக்க முடியாது. மத்த ரெண்டுக்கும் பண்ணை மதகு. அந்த மதகுப் பலகை எந்த வீட்டுல சாத்தி வெச்சிருக்குன்னு ஊருல யாரை வேணாலும் கேளுங்க. நான் தாலுகா ஆபீசுல பேரப் பதிஞ்சேன். இந்த வருசம் எனக்கு முறைத் தண்ணி கடைசி."

ஒரு மாதம் தண்ணீரை அடைத்து வைத்தார்கள். அதனால் நடவு பின்தங்கியது. பின்தங்கிய இளம் பயிர் ஆனைக்கொம்பன் கிளம்புகிற நேரத்தில் மாட்டிக்கொண்டது. அடைத்தவர்களே வந்து, என் கையில் ஒரு புங்கங் கிளையைக் கொடுத்து, அவள்தான் கெடுத்தாள் என்று எழுதி வாங்கிக்கொண்டு போனார்கள். நானும் எழுதிக் கொடுத்தேன்! வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

"உக்காந்தா ஆச்சா? பண்ணை வயலையும் எண்ணுங்க" என்றார் அவர்.

பண்ணை வயல் சுத்தம்தான். அதே பரு புங்குத் தழை, புரட்டாசி நடவு, பயிர் கறுகறு என்று நின்றது. வடகிழக்கு மூலையில் மட்டும் ஒரு திட்டு வெளுத்திருந்தது. போய்ப் பார்த்தால் குழல். குஞ்சம்மாவின் வயலில் எப்படியோ அப்படியே.

"அந்த மூலைய மாடு மேஞ்சிருச்சு. காலி எடத்துல ஐப்பசியில போக்கு நடவு நட்டோம். நட்டதும் நான்தான்" என்றார்.

குனிந்து எண்ணிக்கொண்டிருக்கும்போது மோட்டார் சைக்கிள் சத்தம். காரியக்காரர்.

"என்ன தம்பி, ஞாயித்துக்கிழமையும் சர்வேயா? சர்க்காரு அவ்ளோ சம்பளமா குடுக்குது?"

"இல்லீங்க. உங்க மூலையிலயும் வெங்காயம் வெளையுது. அதான் பாத்துட்டுப் போலாம்னு."

அவர் வெற்றிலையைத் துப்பினார். "அந்தப் பொம்பளை என்ன சொல்லிக் குடுத்தா?"

"மிதிச்சவ நான், நட்டவ நான். நான் சொல்லாம யாரு சொல்லுவா?" என்றார் குஞ்சம்மா. "நீங்க சொல்லுங்களேன், எந்த மூலையில என்னிக்கு நட்டதுன்னு. தெரியுமா?"

அவருக்குத் தெரியவில்லை. வயலில் இறங்காத இரண்டு பேர் சேர்ந்து எழுதிய ரிப்போர்ட் அது. அவருக்காவது ஒரு நோக்கம் இருந்தது. எனக்கு என்ன இருந்தது?

கோர்ட்டு என்றால் பெரிய மாளிகை இல்லை. குத்தகை வழக்குகளை விசாரிக்கிற ரெவின்யூ அதிகாரியின் அறை, ஒரு மேடை, ஒரு சாட்சிக் கூண்டு, ஒரு மின்விசிறி. நான் கையில் ஒரு சாக்குப் பையோடு போனேன். சாட்சி சொல்லக் கூப்பிட்டார்கள். மிராசுதாரின் வக்கீல் எழுந்தார்.

"ரிப்போர்ட்டில் உள்ளது உங்கள் கையெழுத்துதானே?"

"ஆமாங்க. கையெழுத்து சரி, ரிப்போர்ட் தப்பு."

அறையில் சலசலப்பு. பின்னால் உட்கார்ந்திருந்த எங்கள் ஆபீசர் இருமினார்.

"நீங்கள் என்ன படித்திருக்கிறீர்கள்?"

"எஸ்.எஸ்.எல்.சி.ங்க."

"எஸ்.எஸ்.எல்.சி. படித்தவருடைய முதல் ரிப்போர்ட்டை நம்புவதா, இரண்டாவது ரிப்போர்ட்டை நம்புவதா?"

"என்னை நம்பவே வேணாங்க" என்று சாக்கை அவிழ்த்தேன். பரு புங்கங் கிளை ஒன்று. சுத்தப் புங்கங் கிளை ஒன்று. மேல வயல் குத்து, நடு வயல் குத்து, கீழ வயல் குத்து, கடைசியாகப் பண்ணை மூலையின் குத்து. சேறு மேடையெல்லாம் வழிந்தது. டவாலி போட்ட சேவகர் முறைத்தார். ஒவ்வொன்றிலும் சீட்டுக் கட்டியிருந்தேன்: தழை போட்டதா இல்லையா, நட்ட மாதம் எது.

விசாரித்த அதிகாரி எழுந்து வந்து ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார். கீழ வயல் குத்தையும் பண்ணை மூலைக் குத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ஐப்பசி, ஐப்பசி. பிறகு காரியக்காரரைக் கூண்டில் ஏறச் சொன்னார்.

"இந்த அம்மாவுடைய ரெண்டு வயலுக்கும் நடவு ஏன் தள்ளிப்போச்சு?"

"தண்ணி வரலீங்க."

"உங்க வயலுக்கு வந்துச்சா?"

"வந்துச்சுங்க."

"மதகு யார் பொறுப்பு?"

காரியக்காரர் செல்லத்தைத் தேடினார். அதை அறைக்கு வெளியிலேயே வாங்கி வைத்திருந்தார்கள். வாயில் போட ஒன்றும் இல்லாததால் பதில்தான் வர வேண்டியிருந்தது.

"நான்தாங்க."

மனு தள்ளுபடி. நிலம் குஞ்சம்மாவிடமே இருந்தது.

இதை வெற்றிக் கதையாக உங்களுக்குச் சொல்லவில்லை. தீர்ப்பில் "சாகுபடியாளரின் கவனக்குறைவு நிரூபிக்கப்படவில்லை" என்று எழுதினார்கள். தண்ணீரை அடைத்தது யார் என்று ஒரு வரி இல்லை. அந்த வருஷம் இரண்டு வயலில் பாதி விளைச்சலை இழந்த அந்தப் பெண்ணுக்கு நஷ்டஈடு என்று யாரும் ஒன்றும் சொல்லவில்லை. காரியக்காரர் வெளியே வந்ததும் செல்லத்தை வாங்கிக்கொண்டு போய்விட்டார். எனக்கு மட்டும் மெமோ வந்தது, முன்னுக்குப் பின் முரணாகப் பேசி அலுவலகத்துக்கு இழுக்குத் தேடியதற்காக. பங்குனியில் நாகூர்ப் பக்கம் மாற்றல். உப்புக் காற்றில் என்ன பூச்சி எண்ணுவான் பார்க்கலாம் என்று நினைத்திருப்பார்கள். அங்கேயும் எண்ணினேன்.

இன்றைக்கு உங்கள் கையில் இருக்கிற போனில் பயிர்ப் பெயருக்கு ஒரு கட்டம், பூச்சிக்கு ஒரு கட்டம், படத்துக்கு ஒரு கட்டம் இருக்கிறது. தண்ணீர் எப்போது விட்டார்கள், விடாதவர் யார் என்பதற்குக் கட்டம் இல்லை. கட்டம் இல்லாததைக் காகிதத்தின் ஓரத்திலாவது எழுதுங்கள். எதையும் எழுதுவதற்கு முன்னால் அந்தத் தழையை மிதித்தவரைக் கேளுங்கள். எந்த மரம், எந்தக் கிளை, எந்த வயல், எந்த மாதம் என்று அவருக்குத்தான் தெரியும். படம் அனுப்பியவருக்கு என் பதில் இவ்வளவுதான். எழுதக் கூடாது. ஜீப்பை விட்டு இறங்கு அப்பா.

ஒன்று பாக்கி இருக்கிறது. தீர்ப்பு வந்த அன்று மத்தியானம், கோர்ட்டு வாசலில் குஞ்சம்மா நின்றிருந்தார். நன்றி சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். உண்மையைச் சொன்னால், எதிர்பார்த்தேன். வேலையைப் பணயம் வைத்துக் கூண்டேறி இறங்கியவன் அல்லவா? கூச்சத்தோடு சிரித்துக்கொண்டே பக்கத்தில் போனேன்.

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. கீழே என் காலைப் பார்த்தார். தீபாவளிச் செருப்பு, கோர்ட்டுக்காக அன்று காலை துடைத்துப் போட்டது.

"அத அன்னைக்கே கழட்டியிருக்கலாமில்ல, சார்?" என்றார்.

கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திருக்காமல் பஸ்ஸைப் பிடிக்க நடந்தார்.